நுகர்வோர் கேள்வி-பதில்: லேபிள் மேக்கரும் அதன் டேப்பும்

வீட்டுச் சாமான்களுக்குப் பெயர் ஒட்டப் பயன்படும் கையடக்க லேபிள் மேக்கரைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த முறை ஒன்றாகப் பதில் எழுதுகிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், அவற்றில் இருந்த கடைப் பெயர்களை நீக்கியிருக்கிறேன்.

மளிகை டப்பாக்களில் தமிழில் பெயர் ஒட்டலாம் என்று கீபோர்டு உள்ள லேபிள் மேக்கர் வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் ஆங்கில எழுத்துகள் மட்டுமே இருக்கின்றன. தமிழை வரவழைக்க வழி உண்டா? (வாசகி, திருச்சி)

உங்கள் கையில் இருக்கும் மெஷினில் வழி இல்லை. கீபோர்டும் சிறு திரையும் கொண்ட வகை, தன் நினைவகத்தில் ஏற்றப்பட்ட எழுத்துகளை மட்டுமே அச்சிடும். நம் கடைகளில் கிடைக்கும் மாடல்களில் பொதுவாகத் தமிழ் ஏற்றப்பட்டிருப்பதில்லை. தமிழ் வேண்டுமானால் கணினியோடு இணைக்கக்கூடிய மாடலையோ, கைப்பேசியோடு புளூடூத் வழியாக இணையும் மாடலையோ தேட வேண்டும். அவற்றில் எழுத்தை வரைந்து அனுப்பும் வேலையைக் கணினியோ கைப்பேசியோ செய்துவிடுவதால் மெஷினுக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் சில செயலிகளில் கொம்பு ஒருபுறமும் கால் மறுபுறமுமாகப் பிரிந்து நிற்கும். பெரும்பாலான செயலிகளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம் என்பதால், மெஷினை வாங்குவதற்கு முன்பே செயலியை நிறுவி, ‘கொத்தமல்லித்தூள்’ என்று அடித்து, முன்தோற்றத்தில் எழுத்து ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். பெட்டியிலோ விற்பனைப் பக்கத்திலோ ‘தமிழ் வரும்’ என்று போட்டிருந்தால் மட்டுமே கடைக்காரரிடம் சண்டைக்குப் போகலாம்.

எந்த லேபிள் மேக்கர் நல்லது? ஒரே வரியில் சொல்லவும். (வாசகர், கோவை)

எதில் ஒட்டப்போகிறீர்கள் என்று எழுதாதவரை என் ஒரு வரிப் பதில், வாங்காதீர்கள் என்பதுதான்.

‘மையே தேவையில்லை’ என்று விளம்பரம் செய்த சிறிய புளூடூத் மெஷினை வாங்கி, சமையலறை முழுவதும் ஒட்டினேன். ஆறு மாதத்தில் அடுப்பு அருகே உள்ளவை மங்கிவிட்டன. எண்ணெய் டப்பாவில் எழுத்தே இல்லை. மெஷின் பழுதா? (இல்லத்தரசி, நாகர்கோவில்)

மெஷினில் பழுதில்லை, தாயே. மை இல்லாததைச் சொன்ன விளம்பரம் அதன் விளைவைச் சொல்லாமல் விட்டுவிட்டது. இந்த வகையில் தாளின் மேல் பூசப்பட்ட ரசாயனம் வெப்பம் பட்டுக் கறுப்பதுதான் எழுத்தாகிறது. ஏடிஎம் சீட்டும் அப்படித்தான் அச்சாகிறது. வெயில், சூடு, எண்ணெய், கை கழுவும் சானிடைசர் ஆகிய எல்லாமே அந்த எழுத்துக்குப் பகை. மங்குகிறதே என்று மேலே செலோ டேப் ஒட்டினால், அதன் பசையே எழுத்தைத் தின்றுவிடக்கூடும். இதே வகை மெஷின் ஒன்று என் அலமாரியிலும் கிடக்கிறது. ஊறுகாய் ஜாடிகளில் அது ஒட்டிய தாள்கள் இப்போது வெறும் வெள்ளைத் துண்டுகள்.

சமையலறைக்கு ஏற்றது வேறு வகை. அதில் டேப் சுருளை அடைத்து வைத்த கேசட்டுக்குள் மை ரிப்பன் தனியாக இருக்கும். சூடான அச்சுமுனை அந்த மையை டேப்பின் மேல் ஏற்றும். அவற்றிலும் லேமினேட் செய்த டேப்பாக இருந்தால், எழுத்து இரண்டு படலங்களுக்கு நடுவே அடங்கிவிடுவதால் ஈரத்துணியால் துடைத்தாலும் அழியாது. கடையில் சந்தேகம் வந்தால், மாதிரி லேபிளை நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள்: கீறிய இடம் கறுத்தால் அது வெப்பத்தாள். வாங்கிய மெஷினை வீணாக்க வேண்டாம். வெயிலும் சூடும் படாத பீரோவுக்குள் இருக்கும் கோப்புகளுக்கும் துணிப் பெட்டிகளுக்கும் அது நன்றாகவே உழைக்கும்.

மெஷின் தள்ளுபடியில் மலிவாகக் கிடைத்தது. உடன் வந்த டேப் ஒரு வாரத்தில் தீர்ந்தது. புது கேசட் விலை மெஷின் விலையில் பாதிக்கு நெருக்கமாக இருக்கிறது. இது நியாயமா? (ஓய்வு பெற்ற அலுவலர், மதுரை)

நியாயமில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதே இந்த வியாபாரத்தின் முழுக் கணக்கு. இதைப் பற்றி நான் எழுதுவது இது முதல் தடவையல்ல, படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில், மெஷினோடு வரும் கேசட் பெரும்பாலும் முழு நீளமுள்ளது அல்ல. ‘ஸ்டார்ட்டர்’ என்ற பெயரில், தனியாக விற்கும் கேசட்டைவிடக் குறைந்த நீளத்தில் வரும். ஆகவே ஒரு வாரத்தில் அது தீர்ந்ததற்கு உங்கள் கை காரணமில்லை. அடுத்து, கேசட்டுகளின் நீளம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பிரதர் நிறுவனத்தின் டிஇசட்இ வகை கேசட்டில் வழக்கமாக 8 மீட்டர் டேப் இருக்கும். டைமோ லெட்ராடேக் கேசட்டில் 4 மீட்டர். இரண்டின் விலையையும் பக்கத்தில் வைத்து, குறைந்ததை எடுப்பவர் நீளத்தில் பாதியை இழக்கிறார். சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகள், 2011-இன்படி நிகர அளவும் அதிகபட்ச சில்லறை விலையும் பொட்டலத்தின் மேல் இருந்தாக வேண்டும். மீட்டருக்கு எவ்வளவு என்னும் அலகு விலையும் போட வேண்டும் என்று பிறகு சேர்த்திருக்கிறார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த எழுத்துகளைத் தேடுங்கள்.

மூன்றாவது விஷயத்தை எந்த விற்பனையாளரும் சொல்வதில்லை. இத்தகைய கேசட் மெஷின்கள் பலவற்றில் அச்சுமுனையும் வெட்டும் கத்தியும் சற்றுத் தள்ளி அமைந்திருப்பதால், ஒவ்வொரு லேபிளுக்கு முன்னும் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் வெற்று டேப் வெளியே வரும். நான்கு சென்டிமீட்டர் எழுத்துக்கு ஆறரை சென்டிமீட்டர் டேப் செலவாகும். 200 லேபிள் வர வேண்டிய 8 மீட்டரில் 123 மட்டுமே கிடைக்கும். மீதி குப்பைக் கூடைக்குப் போகிறது, அதற்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் கொடுத்திருக்கிறீர்கள். மெனுவில் தொடர் அச்சு என்ற வசதி இருந்தால் எல்லாப் பெயர்களையும் வரிசையாக அச்சிட்டுக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்ளுங்கள். அந்த வசதி இல்லையென்றால், பெயர்களுக்கு நடுவே இடைவெளி விட்டு ஒரே லேபிளாக அடித்துக்கொள்ளலாம்.

கொடுமையிலும் கொடுமை, ரோலுக்குள் சிப் வைத்திருக்கும் சில புளூடூத் மெஷின்கள். வேறு நிறுவனத்தின் ரோலைப் போட்டால், அளவு கச்சிதமாகப் பொருந்தினாலும் அச்சிட மறுத்துவிடும். காசு கொடுத்து வாங்கிய பொருளில் எந்தத் தாளைப் போடுவது என்பதை இன்னொருவர் தீர்மானிப்பதற்குப் பெயர் தரக்கட்டுப்பாடாம்! ஆகவே கடைக்குப் போனதும் மெஷினின் விலையைக் கேட்காதீர்கள். டேப் மீட்டருக்கு என்ன விலை, உங்கள் ஊரில் எத்தனை கடையில் கிடைக்கும், வேறு நிறுவன டேப் பொருந்துமா என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் பிறகு மெஷினைப் பாருங்கள்.

சலுகை முடிகிறதே என்று ஐந்து கேசட் ஒரே நேரத்தில் வாங்கினேன். அகலம் 12 மி.மீ. என்று பார்த்துத்தான் வாங்கினேன், ஆனால் மெஷினுக்குள் நுழையவில்லை. ஐந்தையும் பிரித்துவிட்டேன். திருப்பித் தர முடியுமா? (வாசகர், சேலம்)

ஒரே நிறுவனம் ஒரே அகலத்தில் ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு வகை கேசட்டுகளை விற்பது உண்டு. அதனால்தான் எந்த மாடலுக்கு எது என்று பெட்டியில் அச்சிடுகிறார்கள். முதல் கேசட் நுழையாதபோது இரண்டாவதை ஏன் பிரித்தீர்கள் என்பதற்கு உங்கள் கடிதத்தில் காரணம் இல்லை. அந்த மெஷின் வைத்திருக்கும் யாருக்காவது பாதி விலைக்குக் கொடுத்துவிடுங்கள்.

சமூக ஊடக விளம்பரத்தைப் பார்த்து 999 ரூபாய்க்குப் பெயர் பெற்ற நிறுவனத்தின் லேபிள் மேக்கர் என்று ஆர்டர் செய்தேன். டெலிவரி ஆளிடம் பணம் கொடுத்துப் பிரித்தால், கடைகளில் விலைச் சீட்டு ஒட்டும் பிளாஸ்டிக் கன் இருந்தது. அந்தப் பக்கமே இப்போது இல்லை. ஏமாந்துவிட்டேன் என்று வீட்டில் திட்டுகிறார்கள். (அங்கன்வாடிப் பணியாளர், விழுப்புரம்)

திட்டு வாங்க வேண்டியவர் நீங்கள் அல்ல, அம்மா. பெட்டியைப் பிரிப்பதற்கு முன் பணத்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டையே கருவியாக்கி ஏமாற்றியிருக்கிறார்கள். எவ்வளவு கவனமானவரும் மாட்டக்கூடிய இடம் இது.

கூரியர் உறையைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதில் அனுப்பியவரின் பெயர், முகவரி, பார்சல் எண் ஆகியவை இருக்கும். பக்கம் மறைந்த பிறகும் மிஞ்சும் முதல் சாட்சி அதுதான். உறை, வந்த பொருள், ஆர்டர் குறுஞ்செய்தி, முடிந்தால் விளம்பரத்தின் படம் எல்லாவற்றையும் கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். கூரியர் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். இது மோசடி என்பதால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். யுபிஐ மூலம் பணம் கட்டியிருந்தால் அதைத் தாமதிக்காமல் செய்ய வேண்டும். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. விற்றவரின் முகவரி கிடைத்துவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். 999 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று வீட்டில் கேட்பார்கள். குறைந்தபட்சம் 1915-க்காவது அழைத்துவிடுங்கள். அதே முகவரிமீது பத்துப் புகார் சேர்ந்தால்தான் யாரோ ஒருவர் கதவைத் தட்டுவார்.

பத்து நாளுக்கு முன் வாங்கிய மெஷின் அச்சிடவில்லை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் இருப்பதைக் கடைக்காரர் காட்டுகிறார். (வாசகர், திருநெல்வேலி)

முதலில் புதிய ஆல்கலைன் பேட்டரி போட்டுப் பாருங்கள். அச்சுமுனையைச் சூடாக்க நிறைய மின்சாரம் வேண்டும் என்பதால், டார்ச்சுக்குப் போதுமான பழைய பேட்டரி இதற்குப் போதாது. அதன் பிறகும் அச்சிடவில்லை என்றால் பில்லில் உள்ள அந்த வரிக்கு மதிப்பில்லை. பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள்ளும், காலம் சொல்லாதபோது 30 நாளுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். இதை எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். பில்லை இன்றே நகலெடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அதுவும் வெப்பத்தாளாக இருந்தால் வழக்கு முடிவதற்குள் வெறும் தாளாகிவிடும்.

செயலி என் இருப்பிடத்தையும் தொடர்பு எண்களையும் கேட்கிறது. கொடுக்கலாமா? (மாணவி, சென்னை)

பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அருகிலுள்ள புளூடூத் கருவியைத் தேடவே இருப்பிட அனுமதி வேண்டியிருந்தது. ஆண்ட்ராய்டு 12 முதல் அதற்குத் தனி அனுமதி வந்துவிட்டது. ‘சீரகம்’ என்று அச்சிட உங்கள் தோழிகளின் எண்கள் எதற்கு? மறுத்துவிடுங்கள். மறுத்தால் இயங்காது என்று சொல்லும் செயலியையும் அதன் மெஷினையும் சேர்த்தே விட்டுவிடுங்கள்.

பிளாஸ்டிக் டப்பாக்களிலும் எவர்சில்வர் தூக்குகளிலும் ஒட்டிய லேபிள் உரிந்து வருகிறது. வேறு பசை தடவலாமா? (வாசகி, காரைக்குடி)

வேண்டாம். சமையலறை டப்பாக்கள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலின். அந்தப் பரப்பு எந்தப் பசையையும் எளிதில் பிடித்துக்கொள்ளாது. சோப்பு நீரால் கழுவிக் காயவைத்து, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, லேபிளை அழுத்தி ஒட்டி ஒருநாள் தொடாமல் விடுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் வலுவான பசை கொண்ட டேப் தனியாகக் கிடைக்கிறது.

எவர்சில்வருக்கு இந்த முயற்சியெல்லாம் எதற்கு? தினமும் தேய்த்துக் கழுவும் பாத்திரத்தில் எந்த ஸ்டிக்கரும் நிலைக்காது. பாத்திரக்கடையில் பெயர் வெட்டித் தருவார்கள், தமிழிலேயே.

பினாயிலைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி ‘பினாயில்’ என்று பெரிதாக லேபிள் ஒட்டிவிட்டேன். போதும்தானே? (வாசகர், தர்மபுரி)

போதாது. படிக்கத் தெரியாத குழந்தைக்கும் இருட்டில் தாகத்தோடு எழுந்து வருபவருக்கும் தெரிவது பாட்டில் மட்டுமே. பினாயில் முதலில் வந்த டப்பாவுக்கே இன்றே மாற்றுங்கள்.

வீட்டுப் பத்திரம், பட்டா, வரி ரசீதுகளில் அடையாளத்துக்கு லேபிள் ஒட்டலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

மூலப் பத்திரத்தில் எதையும் ஒட்டக் கூடாது. உறைமேல் ஒட்டுங்கள்.

எல்லாவற்றையும் படித்த பிறகு, ஒரு மார்க்கர் பேனாவும் பேப்பர் டேப்பும் போதும் என்று தோன்றுகிறது. மெஷின் உண்மையில் எங்கே பயன்படும்? (ஆசிரியை, ஈரோடு)

மாதந்தோறும் உள்ளடக்கம் மாறும் மளிகை டப்பாவுக்கு நீங்கள் சொல்வதே சரி. மெஷின் உதவுவது வருடக்கணக்கில் மாறாத இடங்களில்தான். என் வீட்டில் அது செலவழித்த பணத்துக்கு வேலை செய்த ஒரே இடம், ஒவ்வொரு மின் இணைப்பையும் தனித்தனியாக அணைக்கும் சுவிட்சுகள் உள்ள எம்சிபி பெட்டி. எது மோட்டார், எது கீசர், எது மாடி அறை என்று எலக்ட்ரீஷியன் பேனாவால் கிறுக்கியது காலப்போக்கில் அழிந்துபோய், ஷாக் அடிக்கும் நேரத்தில் வீட்டார் ஒவ்வொரு சுவிட்சாகத் தள்ளிப் பார்ப்பது பல வீடுகளில் நடப்பது. அங்கே லேமினேட் டேப்பையே பயன்படுத்துங்கள். ஒவ்வொன்றையும் அணைத்து, எந்த அறையில் மின்சாரம் நின்றது என்று நேரில் பார்த்த பிறகே பெயரை அச்சிடுங்கள்; பழைய கிறுக்கலை நம்பி அச்சிட்டால் தவறுதான் நிரந்தரமாகும். இன்வெர்ட்டரில் ஓடும் இணைப்புகளுக்கு மட்டும் வேறு நிற டேப் போடுங்கள், ஏனெனில் மெயினை அணைத்த பிறகும் அவற்றில் மின்சாரம் இருக்கும்.