லித்தியம் சாப்பிடுபவர் உப்பைக் குறைக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 42. பைபோலார் நோய்க்காக ஆறு மாதமாக லித்தியம் எடுத்துக்கொள்கிறார். இப்போது பிரஷரும் இருக்கிறது என்று தெரிந்ததும், உப்பை அடியோடு நிறுத்தச் சொல்கிறார் மாமியார். லித்தியமும் ஒரு உப்புதான் என்கிறார்களே, அது மூளையில் அப்படி என்னதான் செய்கிறது? இதற்கு மட்டும் ஏன் அடிக்கடி ரத்தப் பரிசோதனை?

பதில்: முதலில் அவசரமான விஷயம். உப்பை அடியோடு நிறுத்தாதீர்கள், அம்மா. குறைப்பதானால் மனநல மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ரத்தத்தில் லித்தியம் அளவைப் பார்த்துக்கொண்டே குறைக்க வேண்டும்.

லித்தியத்தின் வேலையே ஆள்மாறாட்டம்தான். அது சோடியத்தின் நெருங்கிய உறவு. அதனால் நரம்பு செல்லில் சோடியம் நுழையும் வழிகள் லித்தியத்தையும் உள்ளே விட்டுவிடுகின்றன. நுழைந்தபின் இன்னொரு வேடம்: அளவில் மெக்னீசியத்தை ஒத்திருப்பதால், மெக்னீசியத்தை நம்பி இயங்கும் சில நொதிகளில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு வேலையை மந்தமாக்குகிறது.

அப்படி மாட்டும் நொதிகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, செல் தன் சமிக்ஞைகளுக்குப் பயன்படுத்தும் இனோசிட்டால் என்ற பொருளை மறுசுழற்சி செய்வது. அது தடைபட்டால், ஓயாமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும் செல்லுக்குத்தான் சரக்கு முதலில் தீரும். அமைதியாக இருக்கும் செல்லுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. மேனியாவின், அதாவது பைபோலாரில் வரும் அளவுமீறிய உற்சாகக் கட்டத்தின், வேகம் தணிவதற்கு நீண்ட காலமாகச் சொல்லப்படும் விளக்கம் இது. இன்னொன்று ஜிஎஸ்கே-3. இதன் வேகம் குறைந்தால், எந்த மரபணுக்கள் இயங்க வேண்டும் என்பதே மாறுகிறது. நரம்பு செல்களை வளர்த்துப் பாதுகாக்கும் பிடிஎன்எஃப் போன்ற புரதங்கள் கூடுகின்றன. இதெல்லாம் ஒரே நாளில் நடக்காது. மாத்திரை தொடங்கி ஒன்று முதல் மூன்று வாரம் வரை பலன் தெரியாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். முழுக் கதையும் இவ்வளவுதான் என்று எந்த நேர்மையான மருத்துவரும் சொல்லமாட்டார்.

சரி, உப்புக்கு வருவோம். சிறுநீரகமும் இதே ஆள்மாறாட்டத்தில் ஏமாறுகிறது. உடலில் சோடியம் குறைந்தால், அதைச் சேமிக்கச் சிறுநீரகம் இழுத்துப் பிடிக்கும். கூடவே லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மாத்திரை அதே மாத்திரைதான், ரத்தத்தில் அளவு மட்டும் ஏறிவிடும். இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 1940களில் அமெரிக்காவில் உப்பு சேர்க்கக் கூடாத இதய நோயாளிகளுக்கு மாற்று உப்பாக லித்தியம் குளோரைடை விற்றார்கள். பலருக்கு நச்சாகி, சிலர் இறந்தும் போனார்கள். 1949இல் அது தடை செய்யப்பட்டது. ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர், மேனியாவுக்கு லித்தியம் உதவுகிறது என்று எழுதியதும் அதே ஆண்டில்தான்!

ரத்தத்தில் லித்தியம் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் பலன் கிடைக்கும். 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. இடைவெளி அவ்வளவு குறுகியது, அதனால்தான் அந்தப் பரிசோதனை. கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். தைராய்டும் சிறுநீரகமும்கூடப் பார்க்கப்பட வேண்டும். பைபோலாருக்குத் தரப்படும் இன்னொரு மருந்தான வால்ப்ரோயேட் சாப்பிடுபவர்களுக்கும் பரிசோதனை உண்டு; அங்கே கவலை கல்லீரலும் ரத்தத் தட்டணுக்களும்.

உப்பைவிட எனக்குப் பெரிய கவலை, பிரஷருக்கு எந்த மாத்திரை எழுதப்போகிறார்கள் என்பதுதான். ஹைட்ரோகுளோரோதயசைட், எனலாப்ரில், ராமிப்ரில், டெல்மிசார்ட்டன் வகைகள் லித்தியம் அளவை ஏற்றக்கூடியவை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வலி மாத்திரைகளும் அப்படித்தான். பிரஷர் பார்க்கும் மருத்துவரிடம் லித்தியம் சீட்டைக் காட்டிவிட்டே மருந்து வாங்குங்கள். அதற்காகப் பயந்து லித்தியத்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் மேனியா சீக்கிரமே திரும்பக்கூடும்.

கை லேசாக நடுங்குவது பலருக்கு இருக்கும், அடுத்த முறை போகும்போது சொன்னால் போதும். வாந்தி, வயிற்றுப்போக்கு, பலமான நடுக்கம், தள்ளாடும் நடை, குழறும் பேச்சு என்று வந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள்.