பிளஸ் ஒன்னுக்கு விடுதிப் பள்ளியா? டி.சி. வாங்கும் முன் ஒரு கணக்கு

கேள்வி: அறந்தாங்கி பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கிறாள். பத்தாம் வகுப்பில் 461 மதிப்பெண். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்கிறாள். வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார். "இங்கேயே இருந்தால் வீணாகிவிடுவாள், நாமக்கல் பக்கம் தனியார் பள்ளியில் விடுதியோடு சேர்த்துவிடு" என்கிறார் என் அண்ணன். தன் பையனையும் அவர் விடுதிப் பள்ளியில்தான் சேர்த்திருக்கிறார். வருடத்துக்கு 2.20 லட்சம் ரூபாய் கேட்கிறார்கள். நகையை வைத்தால் கட்டிவிடலாம். மகள் போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: சகோதரி, நகையை வைப்பது அப்புறம் இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் எழுதாமல் விட்டுப்போன செலவு ஒன்று இருக்கிறது. என் கணக்கில் அது 2.20 லட்சத்தைவிடப் பெரியது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. இதைப் பெற ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உங்கள் மகள் ஏழு வருடத்தில் ஐந்தை முடித்துவிட்டாள், பாக்கி இரண்டு. இப்போது டி.சி. வாங்கித் தனியார் பள்ளியில் சேர்த்தால் முடித்த ஐந்து வருடத்துக்கும் மதிப்பில்லை. ஐந்து வருடம் படித்தாளே, அதற்குத் தகுந்தபடி பாதியாவது கொடுங்கள் என்று கேட்க வழியே கிடையாது.

நீட் எழுதியே ஆக வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் இந்த ஒதுக்கீட்டுக்குத் தனித் தரவரிசை. பொதுப் பட்டியலில் இடம் கிடைக்காத மதிப்பெண்ணுக்கு இங்கே இடம் கிடைக்கிறது. இப்படிச் சேரும் பிள்ளைகளின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கும் என்றும் அறிவித்திருக்கிறார்கள். 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி முடியும் வரை மாதம் 1000 ரூபாய் வருவதும் அவள் அரசுப் பள்ளியிலேயே பிளஸ் டூ முடித்தால்தான். இன்னொன்று: தமிழ் வழியிலேயே படித்து வந்தவர்களுக்கு மாநில அரசு வேலைகளில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. நடுவில் ஆங்கில வழிக்கு மாறினால் அதுவும் போய்விடும். டாக்டராகப் போகிறவளுக்கு இது தேவைப்படாது என்று தோன்றலாம். பதினைந்து வயதில் டாக்டர் என்று சொன்ன எத்தனையோ பிள்ளைகள் பிற்பாடு டி.என்.பி.எஸ்.சி. எழுதப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

ஏற்கெனவே தனியார் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு இந்த இழப்பு எதுவும் இல்லை. உங்கள் அண்ணன் தன் பையனை விடுதிப் பள்ளியில் சேர்த்தது அவன் வரையில் சரியாகவே இருக்கலாம். அதே யோசனை உங்கள் மகளுக்குப் பொருந்துமா என்பதுதான் சந்தேகம்.

சரி, விடுதிப் பள்ளியே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுத்த எனக்கு, அதில் நான்கு வருடம் ஒரு விடுதிப் பள்ளியில்தான் கழிந்தது. அங்கே ஒரு பையன் இருந்தான். அவன் வீடு ஒரே அறை, அப்பா குடிகாரர். ராத்திரி பத்து மணி வரை சண்டை சத்தமில்லாமல் ஒரு ட்யூப் லைட் வெளிச்சத்தில் உட்கார அவனுக்குக் கிடைத்த இடம் அந்த ஸ்டடி ஹால்தான். தினமும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய்வந்த ஒரு பெண்ணுக்கு அந்த நேரம் முழுக்க மிச்சமானது. கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் புத்தகத்தைத் திறக்கும்போது தானும் திறக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். டெய்லி டெஸ்ட் இருந்தால்தான் படிப்பு ஓடும் என்கிறவர்களும் உண்டு. இவர்களுக்கு விடுதி நன்றாகவே உதவுகிறது.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு தடை இருப்பதாகக் கடிதத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. கிராமத்திலிருந்து போய்வந்து 461 எடுத்திருக்கிறாள். "வீணாகிவிடுவாள்" என்கிறாரே அண்ணன், எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறார் என்று அவரிடமே கேளுங்கள். பாதி வீடுகளில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பது படிப்பைப் பற்றிய கவலை இல்லை. அப்பா ஊரில் இல்லை, வயசுப் பெண், கையில் போன் என்கிற பயம்தான் இருக்கிறது. பயம் இருப்பதில் தப்பில்லை. ஆனால் அதற்கு மருந்தாக இரண்டு வருடத்துக்கு 4.40 லட்சம் கட்ட வேண்டுமா என்று யோசியுங்கள்.

நாமக்கல் என்ற பெயருக்கு இவ்வளவு மவுசு வந்த கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2007 முதல் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண் மட்டும்தான் என்று ஆனது. அப்போது 1200-க்குத் தேர்வு. ஒரு மதிப்பெண் குறைந்தால் கல்லூரி மாறிவிடும். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் இதைப் பிடித்துக்கொண்டன. பல இடங்களில் பிளஸ் ஒன் புத்தகத்தை ஓரம் கட்டிவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே திரும்பத் திரும்ப உருட்டினார்கள். வருடாவருடம் மாநில ரேங்க் பட்டியலில் அந்தப் பெயர்கள் வந்தன. 2017-இல் அரசு ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது, அதே வருடம் நீட்டும் வந்துவிட்டது. நீட்டில் பிளஸ் ஒன் பாடமும் உண்டு. பிளஸ் டூ புத்தகத்தை மட்டும் மனப்பாடம் செய்து அங்கே தப்பிக்க முடியாது.

பிளஸ் ஒன்னைத் தாண்டிப் போகும் பழக்கத்தை நிறுத்தத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு கைவிடப்பட்டது. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பழைய வழக்கம் திரும்ப வரக் கதவு திறந்துவிட்டது. அதனால் எந்தப் பள்ளிக்குப் போனாலும் கரஸ்பாண்டன்ட் அறையில் உட்கார்ந்து பேசுவதோடு நிறுத்தாதீர்கள். இப்போது பிளஸ் டூ போகிற பிள்ளை யாராவது கிடைத்தால், போன வருடம் ஜூலை மாதம் கையில் எந்தப் புத்தகம் இருந்தது என்று கேளுங்கள். பிளஸ் டூ புத்தகம் என்று சொன்னால் பேசாமல் வெளியே வந்துவிடுங்கள்.

அப்புறம் அந்த ஃபிளெக்ஸ். பஸ் ஸ்டாண்டில் முப்பது முகங்கள் சிரிக்கின்றனவே, அவர்களில் பலர் பெரும்பாலும் முதல் செக்‌ஷன். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகளைக் கட்டணச் சலுகை கொடுத்து, சில சமயம் இலவசமாகவே அழைத்து வந்து அந்த செக்‌ஷனில் உட்கார வைப்பார்கள். நல்ல ஆசிரியர்களும் அங்கேதான் போவார்கள். உங்களிடம் முழுத்தொகை கேட்கிறார்கள் என்றால், உங்கள் மகளுக்கு அவர்கள் மனதில் வைத்திருக்கும் செக்‌ஷன் எது? இதை நேராகவே கேட்கலாம், கூச்சப்பட வேண்டாம். "போன வருடம் நீட் எழுதியவர்கள் மொத்தம் எத்தனை பேர், இங்கே படித்த இரண்டே வருடத்தில் சீட் வாங்கியவர்கள் எத்தனை பேர், ஒரு வருடம் கோச்சிங் போய்த் திரும்ப எழுதி வாங்கியவர்கள் எத்தனை பேர்" என்று பிரித்துக் கேளுங்கள். கோச்சிங் சென்டரில் வாங்கிய சீட்டும் பள்ளி ஃபிளெக்ஸில் ஏறிவிடுவது உண்டு.

இனி நான் கண்ணால் பார்த்த கெடுதல். காலை ஐந்து மணிக்கு எழுப்பி ராத்திரி பத்தரை வரை ஓட்டும் அட்டவணையில், சந்தேகம் கேட்பதற்கென்று ஒரு பீரியட் கூட இல்லாமல் இருந்தது. பிள்ளைகள் வினாத்தாளை நிரப்பக் கற்றுக்கொண்டார்கள், "புரியலை சார்" என்று சொல்வதை மறந்துவிட்டார்கள். திங்கள்கிழமை டெஸ்ட் என்றால் ஞாயிறு ராத்திரி வயிற்றுவலி வரும் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தார்களே தவிர, மூன்று மாதம் அவள் வீட்டுக்குத் தகவல் போகவில்லை. மாதம் ஒரு ஞாயிறு விசிட்டிங் டே. அம்மா கொண்டுவரும் சாப்பாட்டைப் பார்த்ததும் பிள்ளை அழும், வார்டன் பக்கத்திலேயே நிற்பார். அப்போது எந்தப் பிள்ளை மனம்விட்டுப் பேசும்? நான் அங்கிருந்து விலகியதற்கு அந்தப் பெண்ணும் ஒரு காரணம்.

இதையெல்லாம் படித்த பிறகும் விடுதியையே தேர்ந்தெடுத்தால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதியைப் பதிவு செய்து மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். பள்ளி அங்கீகாரம் வேறு, விடுதி உரிமம் வேறு. 2022 ஜூலையில் கள்ளக்குறிச்சி மாவட்டம் கனியாமூரில் பள்ளி விடுதி மாணவி ஒருவர் இறந்த பிறகு, உரிமத்தைக் காட்டுங்கள் என்று கேட்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. காட்டத் தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் பகுதிக்கு ராத்திரி பொறுப்பு பெண் வார்டனா, ஒருவர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார், எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, நடு ராத்திரி காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரி என்று கேளுங்கள். மெஸ்ஸில் ஒரு வேளை நீங்களே சாப்பிட்டுப் பாருங்கள். அவள் தனியாக உங்களிடம் போனில் பேச வாரம் ஒரு முறையாவது முடியுமா என்பது எனக்கு மெஸ்ஸைவிட முக்கியம். அடிப்பது சட்டப்படி குற்றம் என்பதையும், ஏதாவது என்றால் குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417 இரண்டையும் அழைக்கலாம் என்பதையும் அவளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள்.

பணம் கட்டும்போது பள்ளிக் கட்டணம், விடுதி, மெஸ், நீட் கோச்சிங் என்று தனித்தனியாக ரசீது கேளுங்கள். தனியார் பள்ளிகளின் கல்விக் கட்டணத்தை நிர்ணயிக்க அரசுக் குழு இருக்கிறது. மொத்தமாக ஒரே தொகை எழுதிக் கொடுத்தால் எது எவ்வளவு என்று உங்களால் சரிபார்க்கவே முடியாது. பிள்ளைக்கு ஒத்துவராமல் இரண்டே மாதத்தில் திரும்பினால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய் வார்த்தைக்கு அப்புறம் மதிப்பிருக்காது.

ஆனால் என்னைக் கேட்டால் முதலில் வேறு இரண்டு இடங்களில் விசாரிப்பேன். ஒன்று, மாவட்டத்திலேயே இருக்கும் அரசு மாதிரிப் பள்ளி. தங்கிப் படிக்கும் பள்ளி அது, நீட், ஜே.இ.இ. பயிற்சியும் உண்டு, கட்டணம் இல்லை. அரசுப் பள்ளி என்பதால் 7.5-க்கும் ஆபத்தில்லை. தேர்வு செய்துதான் எடுப்பார்கள். அவளுடைய தலைமை ஆசிரியையிடமும் புதுக்கோட்டை முதன்மைக் கல்வி அலுவலகத்திலும் தாமதிக்காமல் கேட்டுவிடுங்கள். இன்னொன்று, இப்போது சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாறியிருக்கும் அரசு நல விடுதிகள். பஸ் பயணம்தான் பிரச்சினை என்றால், பள்ளி இருக்கும் ஊரிலேயே தங்க இடமும் சாப்பாடும் இலவசமாகக் கிடைக்கும். வீட்டிலிருந்து பள்ளி இத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்ற விதி பெண் பிள்ளைகளுக்குக் கிடையாது. வருமான வரம்பு உண்டு, உங்கள் வீட்டுக்காரரின் சம்பளம் அதற்குள் வருகிறதா பாருங்கள். எல்லா விடுதிகளும் ஒரே தரம் இல்லை, அதனால் நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டும் அமையாவிட்டால், இருக்கிற பள்ளியிலேயே பிளஸ் ஒன் சேர்த்துவிட்டு, அந்தப் பணத்தில் ஒரு பங்கை இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் நல்ல டியூஷனுக்கு ஒதுக்குங்கள். பயாலஜி ஆர்வத்தில் வரும் பிள்ளைகள் நீட்டில் சறுக்குவது பெரும்பாலும் இயற்பியலில்தான்.

மகள் இரண்டும் சொல்லவில்லை என்கிறீர்கள். மாமா சொல்லி, அம்மா நகையை எடுத்து வைத்திருக்கும்போது பதினைந்து வயதுப் பெண் எப்படி மாட்டேன் என்பாள்? வீட்டில் எல்லாரும் இருக்கும்போது கேட்காதீர்கள். கடைக்குப் போகும்போதோ, மாடியில் துணி எடுக்கும்போதோ, "அங்க போனா உனக்கு எதை விட்டுட்டுப் போறது கஷ்டமா இருக்கும்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். உடனே பதில் வராது. இரண்டு நாள் கழித்து அவளாகவே ஏதாவது சொல்வாள். அதுவரை டி.சி. அந்தப் பள்ளி பீரோவிலேயே இருக்கட்டும்.