அப்பா சேர்த்த பழைய இன்ஜின்களை அண்ணன் இரும்புக் கடைக்கு போடப் போறாரு, தடுக்க முடியுமா?

வாசகி எழுதின நீளமான கடிதத்தை சுருக்கி சொல்லிடறேன். அப்பா மில்லுல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். பழைய ஆயில் இன்ஜின், பெல்ட்ல ஓடற லேத், டிரில்லிங் மெஷின், பாய்லரோட ஒரு சின்ன ஸ்டீம் இன்ஜின்னு தேடித் தேடி வாங்கி, பாதிக்கு மேல ஓடற கண்டிஷனுக்கு கொண்டு வந்து வச்சிருந்தாரு. போன வருஷம் இறந்துட்டாரு. உயில் கிடையாது, ஒரு நோட்டுல மட்டும் "இதெல்லாம் ஒண்ணா ஒரு மியூசியத்துக்கு போகணும்"னு எழுதி கையெழுத்து போட்டிருக்காரு. ஷெட் இருக்கற இடத்தை 2016லயே அண்ணன் பேருக்கு செட்டில்மென்ட் எழுதி ரிஜிஸ்டர் பண்ணிட்டாரு, அதனால அண்ணன் "இடம் என்னுது, உள்ள இருக்கறதும் என்னுது"ங்கறாரு. சாவி அவர்கிட்ட. இரும்புக் கடைக்காரர் வந்து பார்த்துட்டு போயிட்டாரு, ஸ்டீம் இன்ஜினை மட்டும் வெளிநாட்டுல ஒருத்தர் கேக்கறாராம். அம்மா, அக்கா, வாசகி மூணு பேருக்கும் விக்கறதுல இஷ்டமில்ல. போலீஸ்ல கம்ப்ளெயின்ட் கொடுக்கலாமான்னு கேக்கறாங்க.

போலீஸை அப்பறம் பார்ப்போம்மா. யாருக்கு எவ்வளவு பங்குங்கறதை விட அவசரமான ஒண்ணு இருக்கு, அதை இந்த வாரமே செஞ்சாகணும். 1930ம் வருஷ சரக்கு விற்பனைச் சட்டத்துல 27வது பிரிவு, தனக்கு சொந்தமில்லாத பொருளை ஒருத்தர் வித்தா வாங்கினவருக்கும் அது சொந்தமாகாதுன்னு சொல்லுது. இதைப் படிச்சிட்டு நிம்மதியா இருந்துடாதீங்க, அடுத்த பிரிவு 28 அப்படியே உங்களுக்கு எதிரா திரும்பும். கூட்டா சொந்தமான பொருள் ஒண்ணு, மத்த பங்குதாரர்களோட சம்மதத்துல ஒருத்தர் கைவசம் மட்டும் இருந்து, அவர் அதை விஷயம் தெரியாம நல்லெண்ணத்துல வாங்கற ஆளுக்கு வித்துட்டா, முழு உரிமையும் வாங்கினவருக்கே வந்துடும். சாவி அண்ணன்கிட்ட இருக்கறதுக்கு இதுவரைக்கும் நீங்க மூணு பேரும் எழுத்துல ஒரு ஆட்சேபணையும் சொல்லல, அதையே சம்மதம்னு அவங்க வக்கீல் வாதாடுவாரு. அப்பறம் நீங்க அண்ணன்கிட்ட பணத்துல பங்கு கேக்கலாம், இன்ஜின் உருக்கு ஆலைக்கு போயிருக்கும்.

அதனால வக்கீல் நோட்டீஸ் ரெண்டு போகணும், ஒண்ணு அண்ணனுக்கு, இன்னொண்ணு அந்த இரும்புக் கடைக்காரருக்கு. பெரும்பாலும் எல்லாரும் கூடப்பிறந்தவங்களுக்கு மட்டும் அனுப்பிட்டு விட்டுடுவாங்க, என்னைக் கேட்டா கடைக்காரருக்கு போற நோட்டீஸ்தான் ரொம்ப வேலை செய்யும், ஏன்னா அது கையில கிடைச்ச பிறகு "எனக்கு தெரியாது சார்"னு அவர் சொல்ல முடியாது, தகராறு இருக்கற சரக்குல கை வைக்க எந்த வியாபாரியும் யோசிப்பாரு. ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி டெலிவரி ஆன ரெக்கார்டை எடுத்து வச்சுக்கோங்க. அந்த வெளிநாட்டுக்காரரோட ஈமெயில் தெரிஞ்சா அவருக்கும் ஒரு காப்பி. அண்ணனுக்கு போறதுல பழைய சண்டை எதையும் இழுக்காம, இது எல்லா வாரிசுக்கும் பொதுவான சொத்து, விக்கவோ பிரிச்சு எடுக்கவோ எங்க அனுமதி இல்லன்னு மட்டும் இருக்கட்டும், நாளைக்கு ஜட்ஜ் படிக்கப் போற காகிதம் அது.

நோட்டீஸோட ஒரு லிஸ்ட் இணைக்கணும், இது வக்கீலால முடியாது, நீங்கதான் செய்யணும். ஒவ்வொரு மெஷின்லயும் இருக்கற நேம் பிளேட், சீரியல் நம்பர், ஃப்ளைவீல்ல வார்ப்புல இருக்கற எழுத்து எல்லாத்தையும் தேதியோட போட்டோ எடுங்க. ஷெட்டுக்குள்ள விடமாட்டேன்னா பழைய போட்டோ, வீடியோ, அப்பாவோட நோட்டு, வாங்கின ரசீது, லாரி வாடகை சீட்டு எதுவானாலும் சரி. நேம் பிளேட்டை கழட்டிட்டா எது எந்த இன்ஜின்னு யாராலயும் அடிச்சு சொல்ல முடியாது, முதல்ல காணாமப் போறதும் அந்த பித்தளை பிளேட்தான்.

இப்ப அண்ணனோட வாதம். அவர் சொல்றது முழு முட்டாள்தனம்னு நினைக்காதீங்க. சொத்து மாற்றுச் சட்டம் 8வது பிரிவுப்படி நிலத்தை எழுதிக் கொடுத்தா, பத்திரத்துல வேற மாதிரி சொல்லலன்னா, நிலத்தோட பிணைஞ்சிருக்கற எல்லாமும் கூடவே போகும். அப்போ போல்ட் போட்டு கான்கிரீட்ல நிக்கற இன்ஜின் நிலத்தோட பிணைஞ்சதா இல்லையா? சுப்ரீம் கோர்ட் 1997ல சிர்பூர் பேப்பர் மில்ஸ் வழக்குல, ஆட்டம் இல்லாம ஓடறதுக்காக மட்டும் கான்கிரீட் பெட்ல மாட்டின மெஷின் அசையாச் சொத்து ஆகாதுன்னு சொல்லுச்சு, 2010ல சாலிட் அண்ட் கரெக்ட் இன்ஜினியரிங் வழக்குலயும் அதே போக்குதான். ரெண்டும் எக்சைஸ் வரி வழக்குங்க, ஆனா அளவுகோல் இங்கயும் உதவும். 2000ல டங்கன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் வழக்குல மட்டும் ஒரு முழு உரத் தொழிற்சாலையோட மெஷினரி அசையாச் சொத்துதான்னு வந்துச்சு, ஏன்னா அது அங்கயே நிரந்தரமா இருந்து ஓடணும்னு நட்டது. ஆக எவ்வளவு இறுக்கமா மாட்டியிருக்குங்கறதோட எதுக்காக மாட்டினாங்கங்கறதையும் பார்ப்பாங்க. உங்க அப்பா வாங்கறதும், இடம் மாத்தறதும், கழட்டி மறுபடி கோக்கறதுமா இருந்தவர், ஓட்டிக் காட்டும்போது குதிக்கக் கூடாதுன்னு போல்ட் போட்டாரு, அவ்வளவுதான். ஸ்டாண்ட்ல சும்மா நிக்கற லேத், இன்ஜின் எதுக்கும் இந்த வாதமே வராது. 2016க்கு அப்பறம் வாங்கினதெல்லாம் பத்திரம் எழுதும்போது அங்க இல்லவே இல்ல, அதனால ரசீது தேதிகளை தனியா குறிச்சு வையுங்க. ஷெட் தூண்லயும் உத்தரத்துலயும் பிடிச்சு வச்ச லைன் ஷாஃப்ட் (பெல்ட் மாட்டி மெஷின்களை ஓட்டற நீளத் தண்டு) மட்டும் அண்ணன் பக்கம் போக வாய்ப்பிருக்கு, அதுக்காக ரொம்ப மல்லுக்கட்ட வேண்டாம். பத்திரத்தோட சொத்து விவரத்துல "மெஷினரி உட்பட"ன்னு ஏதாவது வரி இருக்கான்னு மட்டும் உடனே பாருங்க, இருந்துச்சுன்னா நான் சொன்னதுல பாதி மாறிடும்.

நோட்டுல எழுதினது உயில் ஆகாது. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63வது பிரிவுப்படி ரெண்டு சாட்சி கையெழுத்து வேணும், ரிஜிஸ்டர் பண்ணலன்னா பரவாயில்ல, சாட்சி இல்லாம முடியாது. ஆனாலும் பத்திரமா வையுங்க, இதெல்லாம் அப்பா வாங்கினது, ஒரே தொகுப்பா நினைச்சு வச்சிருந்தாருங்கறதுக்கு அது ஆதாரம்.

உயில் இல்லாததால, நீங்க இந்து குடும்பம்னு எழுதியிருக்கறதால, 1956ம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கு ஒண்ணு, பிள்ளைங்க மூணு பேருக்கும் தலா ஒண்ணுன்னு ஆளுக்கு கால் பங்கு. அப்பாவோட அம்மா உயிரோட இருந்தா அவங்களுக்கும் சமபங்கு உண்டு, பாட்டியை நிறைய குடும்பம் மறந்துடும். தாசில்தார்கிட்ட வாரிசு சான்றிதழ் வாங்கினா போதும், கோர்ட்ல வாங்கற வாரிசுரிமைச் சான்றிதழ் பேங்க் டெபாசிட், ஷேர் மாதிரி விஷயத்துக்குத்தான், இன்ஜினுக்கு அது தேவையே இல்ல.

மூணு பேர் ஒரு பக்கம்ங்கறதால ஜெயிச்சிட்டதா அர்த்தம் இல்ல, பங்குச் சொத்துல மெஜாரிட்டி ஓட்டெல்லாம் கிடையாது. பாகப்பிரிவினை கேஸ் போட்டு, கூடவே உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 39ல இடைக்காலத் தடை கேக்கலாம், அட்வகேட் கமிஷனரை, அதாவது கோர்ட் நியமிக்கற ஒரு வக்கீலை அனுப்பி லிஸ்ட் எடுக்கச் சொல்லலாம், ரெண்டும் கிடைக்க நல்ல வாய்ப்பிருக்கு. ஆனா கேஸை கடைசி வரைக்கும் இழுத்தீங்கன்னா கோர்ட் என்ன பண்ணும், ஸ்டீம் இன்ஜினை நாலா அறுத்தா கொடுக்க முடியும், ஏலம் விட்டு பணத்தைப் பிரிக்கச் சொல்லும் இல்லன்னா ஆளுக்கு பத்து மெஷின்னு பிரிச்சு விடும், ரெண்டுலயும் அப்பா ஒண்ணா சேர்த்தது சிதறிடும். இன்னொண்ணு, இடம் அண்ணனோடது, அதுல சந்தேகம் இல்ல. "உங்க மெஷினை எடுத்துட்டு போங்க"ன்னு அவர் நியாயமான டைம் கொடுத்து சொன்னா எடுத்துத்தான் ஆகணும். எங்க கொண்டு போய் வைப்பீங்க? இதுக்கு பதில் ரெடி இல்லாம பேச உக்காராதீங்க.

அதனால தடை உத்தரவை கையில வச்சுக்கிட்டு பேசி முடிக்கப் பாருங்க. அண்ணன் கால் பங்குக்கு ஈடா பணமோ, அவருக்குப் பிடிச்ச சில மெஷினோ எடுத்துக்கட்டும், மீதிய உங்க மூணு பேருக்கு விட்டுக் கொடுக்கட்டும், ஒரு வருஷம் ஷெட்ல இருக்கட்டும். ஏற்கனவே வாய்மொழியா முடிவான குடும்ப ஏற்பாட்டை பின்னாடி குறிச்சு வைக்கற காகிதத்துக்கு ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம்னு சுப்ரீம் கோர்ட் 1976ல காலே வழக்குல சொல்லியிருக்கு, உங்களோடது அசையும் சொத்து மட்டும்ங்கறதால அந்தக் கவலை இன்னும் கம்மி. எல்லாரும் கையெழுத்து போடணும், அம்மா உட்பட.

போலீஸ் கம்ப்ளெயின்ட் இப்ப வேண்டாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 314ல நேர்மையில்லாம சொத்தை அபகரிக்கறது குற்றம்தான், ஆனா இன்னும் எதுவும் விக்காத நிலையில ஸ்டேஷன்ல "சிவில் மேட்டர்மா"ன்னு அனுப்பிடுவாங்க, அண்ணன் மட்டும் இறுகிடுவாரு. நோட்டீஸ் கிடைச்ச பிறகும் லாரி வந்து ஏத்தினா அப்ப கதை வேற, உடனே போங்க.

ஸ்டீம் இன்ஜின் நூறு வருஷத்துக்கு மேல பழசா இருந்தா 1972 தொல்பொருள் சட்டத்துக்குள்ள வர வாய்ப்பிருக்கு, பழங்கால அறிவியலைக் காட்டற பொருளும் அந்த விளக்கத்துல இருக்கு. அப்படிப்பட்டதை தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, மீறினா ஆறு மாசத்துல இருந்து மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். தொல்லியல் துறைகிட்ட தொல்பொருள் இல்லன்னு சான்றிதழ் வாங்காம கப்பல் ஏத்தற பேச்சே எடுக்கக் கூடாதுன்னு அண்ணனுக்கு நோட்டீஸ்லயே ஒரு வரி போட்டுடுங்க. வயசு கண்டுபிடிக்க மேக்கர் பேரே உதவும், உதாரணமா ரஸ்டன் அண்ட் ஹார்ன்ஸ்பின்னு சேர்ந்து இருந்தா அந்தக் கம்பெனிகள் ஒண்ணான 1918க்கு முன்னாடி செஞ்சதா இருக்க முடியாது.

மியூசியத்துக்கு கொடுக்கறதுன்னா, கொல்கத்தா பிர்லா மியூசியம், பெங்களூரு விஸ்வேஸ்வரய்யா மியூசியம் மாதிரி தொழில்நுட்ப மியூசியங்களுக்கு லிஸ்டோட எழுதிப் பாருங்க, பெரிய இன்ஜினீயரிங் காலேஜையும் கேளுங்க. முழுத் தொகுப்பையும் எடுத்துக்க பெரும்பாலும் தயங்குவாங்க, இடம் வேணுமே. தானமா கொடுத்துட்டு "எந்தக் காலத்துலயும் விக்கக் கூடாது"ன்னு எழுதினா அந்த நிபந்தனை செல்லாமப் போகலாம், முழு உரிமை கொடுத்துட்டு கையைக் கட்ட முடியாதுங்கறது சொத்து மாற்றுச் சட்டத்தோட பொது விதி. அதுக்கு பதிலா முதல்ல அஞ்சு வருஷம், பத்து வருஷம்னு இரவல் ஒப்பந்தம் போடுங்க, சொந்தம் உங்ககிட்ட, பராமரிப்பு அவங்ககிட்ட, காட்சிக்கு வைக்கலன்னா திருப்பித் தரணும்னு.

கடைசியா அந்த பாய்லர். யாராவது பார்க்க வந்தா ஓட்டிக் காட்டறோம்னு எழுதியிருக்கீங்க. 25 லிட்டருக்கு மேல தண்ணி பிடிக்கற, அழுத்தத்துல நீராவி கொடுக்கற பாய்லர்னா 2025 பாய்லர் சட்டப்படி பதிவும் சான்றிதழும் இல்லாம நெருப்பு வைக்கறது சட்டவிரோதம், பழைய 1923 சட்டத்துலயும் அப்படித்தான் இருந்துச்சு. ஏதாவது ஆச்சுன்னா கால் பங்குக்காரங்க எல்லாருமே பதில் சொல்லணும். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து சான்றிதழ் கொடுக்கற வரைக்கும் அதை குளிர்ந்தபடியே காட்டுங்க, ஃப்ளைவீலை கையால சுத்தினாலே வர்றவங்களுக்கு பிஸ்டன் போய் வர்றது தெரியும்.