கொட்டுவது பழைய பாக்கி

நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, கர்ப்பப் பரிசோதனை செய்தீர்களா?

தைராய்டு மாத்திரை தொடங்கிய பிறகு முடி கொட்டுகிறது, அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, குழந்தைக்கு முயற்சி செய்வதையும் 12 நாள் தள்ளியிருப்பதையும் கடைசி வரியில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது அந்த வரிதான். தைராய்டு குறைந்தாலும் மாதவிலக்கு தள்ளும், உண்மைதான். ஆனால் கர்ப்பமாக இருந்தால், முதல் மூன்று மாதம் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு ஹார்மோன்தான் ஆதாரம். மாத்திரையைக் கூட்ட வேண்டிய நேரம் அது. நீங்களோ இரண்டு வாரமாக நிறுத்திவிட்டீர்கள்! நாளைக் காலை வீட்டிலேயே பரிசோதித்துவிட்டு, விடை எதுவானாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

சரி, முடிக்கு வருவோம். தைராய்டு குறையும்போது நிறைய முடி ஒரே சமயத்தில் வளர்வதை நிறுத்திவிடும். ஆனால் உடனே விழாது, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் விழும். நீங்கள் மாத்திரை தொடங்கியே பத்து வாரம்தான் ஆகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், இப்போது கொட்டுவது அதற்கு முன்பே வளர்வதை நிறுத்திய முடி; பழி மாத்திரை மேல் விழாது. தைராய்டு சரியானால் முடி திரும்ப வளரும், புருவ ஓரமும் நிரம்பும். ஆனால் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், கண்ணுக்குத் தெரிய ஆறு மாதமாவது ஆகும். வட்டமாகச் சொட்டை விழுந்தால் மட்டும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், அது புழுவெட்டாக இருக்கலாம்.

ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டு குறைந்தால் ஏறும், மாத்திரை அதிகமானால் இறங்கும் ஹார்மோன்) 0.2 என்று வந்ததால் மாத்திரை அதிகமாகிவிட்டது என்று நீங்களே முடிவு கட்டியிருக்கிறீர்கள். 18 இருந்தவருக்கு 50 மைக்ரோகிராமில், அதுவும் இரண்டே மாதத்தில், அவ்வளவு இறங்குவது அபூர்வம். என் சந்தேகம், வீடியோ பார்த்துத் தினமும் விழுங்கும் அந்த 10 மில்லிகிராம் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை மேல். சில ஆய்வகக் கருவிகளில் அது டி.எஸ்.எச்.சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். 2017லேயே அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதைப் பற்றி எச்சரித்தது. பயோட்டினை நிறுத்தி மூன்று நாள் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள், கூடவே உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். உங்கள் மருத்துவர் வேறு சொல்லாதவரை தைராய்டு மாத்திரை பழைய அளவிலேயே தொடரட்டும்.

உப்புத் தண்ணீர், ஷாம்பு, முட்டைக்கோஸ் பொரியல் எல்லாவற்றின் மீதும் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். விட்டுவிடுங்கள். மாத்திரையைக் காபியோடு விழுங்குவதைத்தான் மாற்ற வேண்டும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி நேரமாவது கழித்துக் காபி குடியுங்கள். கர்ப்பம் உறுதியானால் இரும்பு, கால்சியம் மாத்திரைகள் தருவார்கள். அவற்றுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.