மர நிழல் விழும் தோட்டத்தில் செங்காந்தள் பூக்குமா?

தோட்டத்தின் பெரும்பகுதி மரநிழலில் இருக்கிறது, அங்கே செங்காந்தள் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும். ஆனால் அது எத்தகைய நிழல் என்று முதலில் பாருங்கள். ஒரு கீற்று வெயில்கூட எட்டாத சுவரோரம் என்றால் வேண்டாம். இலைகளுக்கிடையே வெயில் சிதறி விழும் மரத்தடி என்றால் தயங்காமல் வையுங்கள்.

செங்காந்தள் காட்டின் ஓரத்துக் கொடி. புதர்களுக்கும் வேலிகளுக்கும் நடுவே முளைக்கிறது. கிழங்கு புதரின் குளிர்ச்சியில் கிடக்க, கொடி அந்தப் புதரையே பற்றி ஏறி வெளிச்சத்தைத் தொட்ட பிறகு பூக்கிறது. இது புரியாமல் முதல் ஆண்டு நான் அடிமரத்தை ஒட்டியே நட்டேன். கொடி மெலிந்து நீண்டுகொண்டே போனது. ஒரு மொட்டுகூட வரவில்லை. மறு ஆண்டு, மரக்கிளைகள் முடியும் விளிம்புக்கு, காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் விழும் இடத்துக்கு மாற்றினேன். அந்தப் பருவமே பூத்தது.

கிழங்கு கலப்பை போல வளைந்திருக்கும்; கலப்பைக் கிழங்கு என்ற பெயரே அதனால்தான். முளை அதன் நுனியில் இருக்கிறது. நுனி ஒடிந்தால் அது முளைக்காது, ஆகவே முட்டையைப் போலக் கையாளுங்கள். இலைமட்கும் மணலும் கலந்த, நீர் தேங்காத மண்ணில் இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் படுக்கவைத்து மூடினால் போதும்.

இந்தக் கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே சுருண்டு பற்றிக்கொள்கிறது. அந்தச் சுருள் சிறியது என்பதால் தடித்த கம்பத்தைப் பிடிக்க முடியாமல் கொடி சரிந்துவிடும். மெல்லிய குச்சிகளையோ, காய்ந்த சிறு கிளைகளையோ ஊன்றுங்கள். பக்கத்தில் ஒரு புதர்ச்செடி இருந்தால் இன்னும் நல்லது.

பூவைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பச்சை மொட்டு தலைகவிழ்ந்து விரிகிறது. ஆறு இதழ்களும் நெளிந்து மேல்நோக்கி மடங்கிக்கொள்கின்றன. முதலில் மஞ்சள், பிறகு நுனியிலிருந்து செம்மை இறங்கி, சில நாட்களில் முழுவதும் சிவந்துவிடும். ஒரே கொடியில் எல்லா நிறங்களையும் சேர்த்துப் பார்க்கலாம். நிழலின் பின்னணியில் அது சுடர் போலத் தெரியும்; வெட்டவெளியில் வைத்தவர்களுக்கு இந்த அழகு கிடைப்பதில்லை என்பது என் எண்ணம்.

பூத்துக் காய்த்தபின் கொடி முழுவதும் காய்ந்துவிடும். செத்துவிட்டது என்று எண்ணிப் பிடுங்கவும் வேண்டாம், பிழைக்கவைக்கத் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். பழைய கிழங்கு அழிந்து, அதனிடத்தில் புதுக் கிழங்குகள் மண்ணுக்குள் உறங்குகின்றன. அந்த மாதங்களில் ஈரம் பட்டால் அழுகிவிடும். எனக்கு இரண்டு கிழங்குகள் அப்படித்தான் போயின. நட்ட இடத்தில் ஒரு கல்லை அடையாளமாக வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

வீட்டில் சிறு குழந்தைகளோ, மண்ணைக் கிளறும் நாயோ இருந்தால் இதை நடவே வேண்டாம் என்பேன். செடி முழுவதிலும் கொல்கிசின் என்னும் நச்சு இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் அதிகம். உண்ணும் கிழங்கு என்று தவறாக நினைத்துத் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். கையுறை போட்டுத்தான் தொடுங்கள், சமையல் கிழங்குகளுக்கு அருகில் சேமிக்காதீர்கள்.

கிழங்கை நாற்றுப்பண்ணையிலோ, வளர்ப்பவரிடமோ வாங்குங்கள். மருந்துக்காகத் தோண்டித் தோண்டியே பல காடுகளில் இது அருகிவிட்டது. விதையிலிருந்தும் வளர்க்கலாம், பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கும். நான் விதைத்தவற்றில் ஐந்து முளைத்து, இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கின்றன.