முடி கொட்டாத நாய் வாங்கினால் தும்மல் வராதா?

கேள்வி: அக்கா வீட்டு லாப்ரடார் பக்கத்தில் போனாலே எனக்குத் தும்மலும் கண் அரிப்பும் வருகிறது. மாமியார் வீட்டு நாட்டு நாயோடு ஒரு வாரம் இருந்தாலும் ஒன்றும் ஆவதில்லை. மகளுக்கு நாய் வேண்டுமாம். ஷிட்ஸூவுக்கு முடி கொட்டாது, அலர்ஜியே வராது என்று சொல்லி புரோக்கர் முன்பணம் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: முதலில் அந்த முன்பணத்தைக் கொடுக்காதீர்கள்.

அலர்ஜியைத் தருவது முடி இல்லை. நாயின் எச்சிலிலும், தோலிலிருந்து உதிரும் செதிலிலும், சிறுநீரிலும் உள்ள சில புரதங்கள்தான் காரணம். முடி அவற்றைச் சுமந்து திரிகிறது, அவ்வளவுதான். ஒரே ஜாதி நாய்களுக்குள்ளேயே ஒன்றுக்கு இந்தப் புரதம் அதிகமாக இருக்கும், இன்னொன்றுக்குக் குறைவாக இருக்கும். 2012-இல் நெதர்லாந்தில் பூடில், லாப்ரடூடில் போன்ற 'அலர்ஜி தராத' நாய்களின் முடியைச் சோதித்தார்கள். முக்கியமான புரதம் மற்ற நாய்களைவிட அவற்றில்தான் அதிகமாக இருந்தது! புரோக்கரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், உடனே வேறு ஜாதியின் பெயரைச் சொல்வார். நாய் வளர்த்து விற்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று 2017-லேயே மத்திய அரசு விதி கொண்டுவந்தது. பதிவுச் சான்றிதழைக் கேட்டால் வாட்ஸ்அப்பில் குட்டியின் படம்தான் வரும். அந்தச் சான்றிதழை யாரும் கேட்பதும் இல்லை.

இன்னொன்று. மாமியார் வீட்டு நாய் வாசலில் படுக்கிறதா? அக்கா வீட்டு நாய் ஏசி அறையில், சோபாவில் படுக்கிறதா? அப்படியென்றால் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதது அந்த மூடிய அறையாகவும் இருக்கலாம். அங்கே நாயின் செதிலோடு தூசிப்பூச்சியும் சேர்ந்திருக்கும்.

அக்கா வீட்டு நாய் ஆணா என்றும் பாருங்கள். கேன் எஃப் 5 என்ற ஒரு புரதம் ஆண் நாயின் புராஸ்டேட் சுரப்பியில் உண்டாகி, சிறுநீர் வழியாக உடம்பெல்லாம் ஒட்டுகிறது. நாய் அலர்ஜி உள்ளவர்களில் 30 சதவீதம் வரை இது ஒன்றுக்கு மட்டுமே எதிர்வினை காட்டுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அவர்களுக்குப் பெண் நாய் பெரும்பாலும் தொல்லை தராது. கருத்தடை செய்த ஆண் நாயிலும் இந்தப் புரதம் குறைந்துவிடும். இதைத் தனியாகக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனை இருக்கிறது, ஆனால் நம் ஊர் லேப்களில் சுலபமாகக் கிடைப்பதில்லை. '200 பொருள் அலர்ஜி பேக்கேஜ்' மட்டும் தெருவுக்குத் தெரு விற்கிறார்கள். ரிப்போர்ட்டில் 'நாய்' என்று ஒரே ஒரு வரி வரும், எந்தப் புரதம் என்று இருக்காது. அதை வைத்து நான் என்ன செய்ய?

வாங்கப்போகும் அதே நாயோடு, அது வளரும் வீட்டிலேயே, பல நாள் சில மணி நேரம் இருந்து பாருங்கள். கடையில் குளிப்பாட்டி, பவுடர் போட்டுக் காட்டும் பத்து நிமிடம் கணக்கில் வராது. மூச்சு இரைத்தால் இந்தச் சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அலர்ஜியைக் கண்டுபிடிக்கும் தோல் பரிசோதனைக்குப் போவதாக இருந்தால், தும்மல் மாத்திரையை எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை போட்டுக்கொண்டு போனால் ஒன்றுமே இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிடும்.