அடுப்பைத் தனியாக வைத்தது எதற்கு?

கேள்வி: மகள் சென்னையில் இருக்கிறாள். கல்யாணமாகி ஆறு வருடம். மாப்பிள்ளையோடு ஓயாத சண்டை. மாமியாரும் கூடவே இருக்கிறார். சம்பந்தி வீட்டில் போய் நியாயம் கேட்டோம், இப்போது பேச்சே இல்லை. சீர் சாமான்களைத் திருப்பிக் கேட்டு, அவளையும் பேரனையும் அழைத்து வந்துவிடலாமா?
– பெயர் வேண்டாம், காரைக்குடி

பதில்: ஆச்சி, வெள்ளிப் பாத்திரம், வைரத்தோடு, எவர்சில்வர் அடுக்கு என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரி இல்லை. அந்தச் சீரெல்லாம் அவள் சொத்து. அவள் சொல்லாமல் தகப்பனார்கூடத் திருப்பிக் கேட்க முடியாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

மாப்பிள்ளை கை நீட்டுகிறார் என்றால் பேச்சே வேறு. இன்றைக்கே போய் நில்லுங்கள். பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது, சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.

கடிதத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. நம் செட்டிநாட்டுப் பக்கம் கல்யாணமான பிள்ளையை வேறு வைப்பார்கள் இல்லையா? அதே வீடு, அதே வளவு, அடுப்பு மட்டும் தனி. வருடத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று அளந்து கொடுத்துவிட்டால் அப்புறம் குடித்தனம் அவர்கள் பாடு. மாமியார் பத்தடி தள்ளித்தான் இருப்பார், மருமகள் குழம்பில் கரண்டி விடக் கூடாது என்பது முறை. (விட்டவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை.) உங்கள் மகளின் அடுப்பு சென்னையில். நீங்களோ தினம் ராத்திரி வீடியோ காலில் "இன்னைக்குக் குழம்பு யாரு வச்சா, நீயா அவுகளா?" என்று கேட்கிறீர்கள். அதே ஹாலில்தானே மாப்பிள்ளையும் உட்கார்ந்திருப்பார்?

பேரனிடம் "அப்பா அம்மாவைத் திட்டுனாகளா?" என்று விசாரிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நாலு வயசுப் பிள்ளையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள். இன்றோடு நிறுத்துங்கள்.

மகளிடம் தனியாக, "உனக்கு என்ன வேணும்?" என்று மட்டும் கேளுங்கள். சேர்ந்து வாழப் பார்க்கிறேன் என்றால் அவர்கள் இரண்டு பேரும் குடும்பநல ஆலோசகரிடம் போகட்டும், துணைக்கு யாரும் வேண்டாம். வந்துவிடுகிறேன் என்றால் ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காமல் கூட்டி வாருங்கள்.

சம்பந்தி அம்மாளுக்கும் இதே பதில்தான். அவர் இன்னும் கடிதம் போடவில்லை.